பரிசும் சம்பளமும்

2016-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பிரேஸில் தேசத்து ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில், சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பஸ் அவருடைய வலது காலின் மேல் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே அந்தக் கால் அப்புறம் தேறவே இல்லை. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இவ்வளவும் அந்த வாரத்தில் டீக்கடை பெஞ்சு வரையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. மத்திய அரசு 75 லட்சம் அறிவித்தது.

வாங்கியவருக்கு அதில் ஒரு காசுகூட அதிகமில்லை என்பதே என் அபிப்பிராயம். எனக்குள்ள சந்தேகம் கொடுத்தவர்களைப் பற்றியது. அதாவது நம்மைப் பற்றியது. எதற்காகக் கொடுத்தோம்? அவர் 1.89 மீட்டர் தாண்டுவதற்கு அந்தப் பணம் உதவவில்லை. தாண்டிய பிறகுதான் அது வந்தது. தாண்டுவதற்கு உதவியவர்கள் வேறு; காய்கறி விற்ற அம்மாள், பெங்களூரில் அவருக்குப் பயிற்சி கொடுத்த சத்தியநாராயணா, இப்படிச் சிலர். நாம் கொடுத்ததைப் பரிசு என்று சொல்லலாம். மேடையில் பேசியவர்கள் பலர் அதை ஆதரவு என்றும் உதவி என்றும் சொன்னார்கள். கரையேறி நிற்பவனிடம் கயிற்றை நீட்டுவதற்கு உதவி என்ற பெயர் பொருந்துமா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் ஜனங்களுக்கு இந்தச் சம்பவம் ஏன் இவ்வளவு பிடித்திருந்தது என்பது எனக்குச் சுலபமாகவே விளங்குகிறது. ஏழைத் தாய், பஸ், நசுங்கிய கால், பிறகு ஒரே தாவல். இதைவிடக் கச்சிதமான கதையை யார் எழுதிவிட முடியும்? கதாநாயகன் கழுத்தில் மாலை விழுந்ததும் 'முற்றும்' என்று போட்டுவிட்டு எழுந்துவிடலாம். எழுத்தாளனுக்குள்ள சௌகரியம் அது. மாரியப்பனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மறுநாள் காலையில் அவர் எழுந்து பல் தேய்க்க வேண்டும். இருபத்தொரு வயதுக்குப் பிறகு இன்னும் எத்தனையோ வருஷம் ஜீவனம் நடத்த வேண்டும்.

அவர் கதையோடு நிற்கவில்லை. கொரோனாவினால் தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். (தொடக்க விழாவில் நம் கொடியைப் பிடித்துப் போக வேண்டியவர் அவர்தான். நோய் கண்ட ஒருவருக்கு அருகில் இருந்தார் என்பதற்காக அவரைத் தனியே வைத்துவிட்டார்கள். கொடி வேறொருவர் கைக்குப் போயிற்று.) 2024-இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, பதக்கத்தின் நிறமும் மாறுகிறது. மனித உடம்பு என்றால் அப்படித்தான். ஆனால் மூன்று போட்டிகளிலும் ஒருவர் பதக்க மேடையில் நிற்பது எவ்வளவு அபூர்வம் என்பதைத் தங்கத்தோடு கதையை முடித்துக்கொண்டவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 2021 நவம்பரில் தமிழ்நாடு காகித நிறுவனத்தில் அவருக்குத் துணை மேலாளர் உத்தியோகம் கிடைத்தது. தங்கத்துக்கும் அந்த உத்தியோகத்துக்கும் இடையே ஐந்து வருஷம்.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் நண்பர் ஒருவர், பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஓர் ஆட்சேபம் எழுப்பினார். "உயரம் தாண்டியதற்கும் காகித ஆலைக்கும் என்ன சார் சம்பந்தம்? பரிசு கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உத்தியோகம் என்பது தகுதி பார்த்துக் கொடுக்க வேண்டியது அல்லவா?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை நாம் எல்லோரிடமும் கேட்பதில்லை. ரயில்வேயும் ராணுவமும் போலீஸும் பாங்குகளும் எத்தனையோ காலமாக விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்து வந்திருக்கின்றன. மகேந்திரசிங் தோனி கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பந்தடிப்பதற்கும் டிக்கெட் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தமென்று அன்று யாரும் கேட்டதில்லை. கால் ஊனமானவருக்கு என்று வரும்போதுதான் தகுதி என்ற சொல் நம் நாக்கு நுனிக்கு வருகிறது. ஊனமுற்றோர் என்றிருந்ததை மாற்றுத்திறனாளிகள் என்று சர்க்கார் ஏட்டில் திருத்தியாயிற்று, நல்ல காரியந்தான். நாக்கு நுனியைத் திருத்த அரசாணை போதாது.

ஆனாலும் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒருவரைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடச் சொல்லி, வேலை ஏதும் கொடுக்காமல் விட்டுவிட்டால் அதுவும் ஒரு பிச்சைதான். மாதாமாதம் போடப்படும் பிச்சை. அதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாது.

இந்தப் போட்டிகளை ஆரம்பித்து வைத்த மனிதருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. லுட்விக் குட்மன் ஹிட்லருக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்த யூத டாக்டர். முதுகுத் தண்டில் அடிபட்ட சிப்பாய்களுக்காக 1944-இல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவைத் தொடங்கினார். அப்படி அடிபட்டவர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்று வைத்தியர்களே கைவிட்டிருந்த காலம் அது. குட்மன் அவர்களைப் படுக்கையில் விட்டுவைக்கவில்லை. பந்தும் வில்லும் கொடுத்தார். கூடவே தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்ப்பது என்று தொழிலும் கற்றுக்கொடுத்தார். தம்மிடம் வந்தவர்கள் சர்க்காருக்கு வரி கட்டும் பிரஜைகளாக வெளியே போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் 1960-இல் ரோமாபுரியில் சர்வதேசப் போட்டியாக வளர்ந்தது. வில்லையும் உளியையும் ஒரே மருந்துச் சீட்டில் எழுதிய டாக்டர் அவர். நாம் வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு உளியை விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

நம் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கம் யாருடையது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. முரளிகாந்த் பேட்கர் ராணுவ வீரர். 1965 யுத்தத்தில் குண்டடி பட்டவர். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் தூரத்தை 37.33 விநாடியில் நீந்தித் தங்கம் வாங்கினார். அவருக்குக் கோடியும் வரவில்லை, லட்சமும் வரவில்லை. பத்மஸ்ரீ வந்தது 2018-இல். நாற்பத்தாறு வருஷம்! இடைப்பட்ட காலத்தில் அவரைக் காப்பாற்றியது எது? பூனாவில் டெல்கோ கம்பெனியில் பார்த்த வேலை. பெங்களூர் மாலதி ஹொள்ளாவையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சக்கர நாற்காலியில் இருந்தபடியே எத்தனையோ பதக்கங்கள் வாங்கியவர். 1995-இல் அர்ஜுனா விருது, 2001-இல் பத்மஸ்ரீ. அவர் அப்போதிருந்த ஸிண்டிகேட் பாங்க்கில் அதிகாரியாக வேலை பார்த்தவர். கவுண்டருக்கு வந்தவர்களுக்குத் தங்கள் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதுதான் கவலை. அந்த அம்மாளின் பதக்கமும் நாற்காலியும் அங்கே இரண்டாம் பட்சம். இதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் விசித்திரமானது தேவேந்திர ஜஜாரியாவின் கதை. ராஜஸ்தான்காரர். சிறுவயதில் மரமேறும்போது மின்சாரக் கம்பியைத் தொட்டு இடது கையை இழந்தவர். 2004-இல் ஏதென்ஸில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். அதன் பிறகு நடந்தது என்ன? 2008 போட்டியிலும் 2012 போட்டியிலும் அவருடைய பிரிவுக்கான ஈட்டி எறிதலையே பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் தோற்கவில்லை, காயம்பட்டு ஒதுங்கவும் இல்லை. எங்கேயோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பட்டியல் போட்டபோது அவருடைய பந்தயம் விட்டுப்போயிற்று. பன்னிரண்டு வருஷம் கழித்து 2016-இல் மறுபடி சேர்த்தார்கள். அவர் 63.97 மீட்டர் எறிந்து மறுபடியும் தங்கம் வாங்கினார். 2004-இல் அவர் எறிந்தது 62.15 மீட்டர்தான்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஜஜாரியாவின் மதிப்பு என்ன? பதக்கத்தை வைத்தே மனிதனை எடைபோடுவதானால் பூஜ்யம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கை அப்போதும் அதே கைதான், ஈட்டியும் அதே ஈட்டிதான். ரயில்வே உத்தியோகமும் பின்னால் ஸ்போர்ட்ஸ் அதாரிட்டி உத்தியோகமும் அவருக்கு இருந்தன. பட்டியல் போடுகிறவர்களின் தயவில்லாமல் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது.

யோசித்துப் பார்த்தால், தர்மம் போடுகிறவரும் பரிசு கொடுக்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். முதலாமவருக்கு அசாதாரணமான துன்பத்தைக் காட்ட வேண்டும். இரண்டாமவருக்கு அசாதாரணமான வெற்றியைக் காட்ட வேண்டும். சாதாரணமாக இருப்பவனை இருவருமே ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கால் சரியாக உள்ள என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய சுதந்திரம் இருக்கிறது: நாங்கள் எட்டாவதாக வரலாம், ஒன்பதாவதாக வரலாம், எதிலும் கலந்துகொள்ளாமலே காலம் தள்ளலாம். எங்களை யாரும் கணக்குக் கேட்பதில்லை. உடற்குறையுள்ளவர் மட்டும் ஒன்று நம் கண்ணீரைச் சம்பாதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கைதட்டலை. 2024-இல் பாரிஸுக்குப் போன இந்தியர்கள் 84 பேர். வாங்கிய பதக்கங்கள் 29. நம் நாட்டுக்கு அதுவரை கிடைக்காத எண்ணிக்கை; சந்தோஷந்தான். ஆனால் பாதிப் பேருக்கு மேல் வெறுங்கழுத்தோடு திரும்பினார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

முன்னை விட இப்போது நிலைமை தேவலை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் வருஷத்துச் சட்டம் அரசு உத்தியோகத்தில் 4 சதவிகித இடம் ஒதுக்குகிறது. விளையாட்டுக்கென்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. போட்டிக்கு முன்பே மாதப்படி கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 2014-இல் வந்தது. அதன் பெயர் 'டார்கெட் ஒலிம்பிக் போடியம்'. பெயரிலேயே பதக்க மேடை நிற்கிறது, பார்த்தீர்களா? மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர்களுக்குத்தான் அந்தப் படி.

நண்பரிடம் நான் ஒரு கணக்குச் சொன்னேன். 2 கோடி ரூபாயில், இருபது பிள்ளைகளுக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் நாலு வருஷம் கொடுக்கலாம். அவர் பாங்குக்காரர் ஆயிற்றே, உடனே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"1 கோடியே 92 லட்சம் ஆகிறது. அதற்காக ஜெயித்தவருடைய பரிசைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?"

"இல்லை. அது அவருடையது. இதை வேறாக ஒதுக்கச் சொல்கிறேன்."

"சரி, இருபதில் எத்தனை பேர் ஜெயிப்பார்கள்?"

"ஒருவர் ஜெயிக்கலாம். ஒருவருமே ஜெயிக்காமலும் போகலாம்."

"அப்படியானால் பணம் வீண்தானே, சார்?"

"உங்கள் பேத்தி பாட்டு வாத்தியாரிடம் போகிறாளே, அவள் வசந்தகோகிலம் ஆவாள் என்று எழுதி வாங்கிக்கொண்டா சம்பளம் கட்டுகிறீர்கள்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன். பாட்டுக்கு நான் என் பணத்தைக் கட்டுகிறேன், நீங்கள் சொல்வது ஊர்ப் பணம் என்றார். அதுவும் சரிதான். ஊர்ப் பணத்தில் போட்ட ரோட்டில்தான் அந்தப் பஸ் போயிற்று என்று நான் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மிச்சம் 8 லட்சம் இருக்கிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டார்.

கண் தெரியாதவர் ஓடும்போது பக்கத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். பாரிஸில் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கிய ஸிம்ரனோடு அபய் சிங் அப்படித்தான் ஓடினார். அவரும் அதே வேகத்தில் ஓடியாக வேண்டும்; ஆனால் கோட்டை முதலில் தாண்டிவிடக் கூடாது. அந்த மாதிரி கூட ஓடுகிறவர்களுக்கும், ரயில் டிக்கெட்டுக்கும் என்று சொன்னேன்.