தெரிந்தும் வாதாடுவீர்களா?

வக்கீல் வேலைக்கு இன்டர்வியூ என்றால், இந்தக் கேள்விக்குத் தயாராகாமல் யாரும் போவதில்லை. ‘உங்கள் கட்சிக்காரர்தான் குற்றம் செய்தார் என்று தெரிந்தும் அவருக்காக வாதாடுவீர்களா?’

விடையும் ரெடி. ‘குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே. தீர்ப்பு சொல்வது நீதிபதி வேலை, வாதாடுவது என் கடமை.’

நல்ல விடைதான். ஆனால் கேள்வியில் ‘தெரிந்தும்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைத் தொடவே இல்லை. கேட்டது மனசாட்சியை, சொன்னது சட்டத்தை.

நண்பரின் மகள் சட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றவழக்குக் கைதிகளுக்காக, சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாக வாதாடும் வேலை. 2022-ல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம்.

என்னிடம் கேட்டாள்: ‘அங்கிள், சின்னக் குழந்தைகிட்ட தப்பா நடந்துக்கிட்டவன் கேஸ் வந்தா, என்னால முடியாதுன்னுதான் தோணுது. அதைச் சொல்லட்டுமா? இல்ல, மனப்பாடம் பண்ணினதைச் சொல்லிட்டு வந்துடட்டுமா?’

நான் பி.காம். பற்றும் வரவும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி தூக்கம் வராத ரகம். ‘மனசுல பட்டதைச் சொல்லும்மா’ என்று உடனே சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்தவர் வேலையை வைத்து உபதேசம் பண்ணுவது ரொம்ப சுலபம்.

அதனால் ஒரு பழைய வழக்கைச் சொன்னேன். 1840, லண்டன். லார்ட் வில்லியம் ரஸ்ஸல் என்ற பெரியவர் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். கைதானவன் வீட்டு வேலைக்காரன் கூர்வஸியே. அவனுடைய வக்கீல் சார்லஸ் பிலிப்ஸ். விசாரணை நடுவில், காணாமல் போன வெள்ளிச் சாமான்கள் பற்றிப் புது சாட்சி கிடைத்தது. பையன் வக்கீலிடம் உண்மையைக் கக்கிவிட்டான். கொலை செய்தது தான்தான், ஆனாலும் நீங்கள் தொடர்ந்து வாதாட வேண்டும் என்றான்.

பிலிப்ஸ் ஆடிப்போனார். விலகிவிடலாமா என்றுகூட நினைத்தார். பார்க் என்ற நீதிபதியிடம் யோசனை கேட்டார். விலகாதே, சாட்சியத்திலிருந்து கிடைக்கும் நியாயமான வாதங்களை எல்லாம் வை என்றார் அவர். பிலிப்ஸ் வாதாடினார். கூர்வஸியே தூக்கில் தொங்கினான்.

விஷயம் வெளியே வந்ததும் பிலிப்ஸுக்குச் சரியான திட்டு. வாதாடியதற்காக மட்டுமில்லை. உண்மை தெரிந்தும், அதே வீட்டு வேலைக்காரப் பெண்கள் மேல் சந்தேகத்தைத் திருப்பினார் என்பது பெரிய குற்றச்சாட்டு. அவர் பிற்பாடு மறுத்தார்.

கோடு அங்கேதான் இருக்கிறது. போலீஸ் கொண்டுவந்த சாட்சியம் போதுமா என்று கேட்பது ஒன்று. செய்யாதவர் மேல் பழியைத் தள்ளுவது வேறு. முதலாவதை நம் பார் கவுன்சில் விதியே கடமையாக்கியிருக்கிறது. வக்கீலின் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் சரி, போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது. குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டபோது, அப்படிப்பட்ட தீர்மானமே செல்லாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

சங்கமாகச் சேர்ந்து மறுப்பதும், ஒரு பெண் தனக்கு வயிற்றைப் பிசைகிறது என்பதும் ஒன்றா? இல்லைதான். தனியாகத் தொழில் பண்ணுகிறவர் ஏதாவது காரணம் சொல்லி, ‘வேற ஆளைப் பாருங்க’ என்று நழுவிவிடுவார். ஆனால் வேறு ஆளைப் பார்க்க வழியில்லாதவனுக்காகத்தான் இவள் கேட்கிற நாற்காலியே போடப்பட்டிருக்கிறது. ‘முடியாது’ என்பது உறுதி என்றால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடு என்றேன். அதில் கேவலம் ஒன்றுமில்லை. போக்ஸோ வழக்கில் வசதியில்லாத குழந்தையின் குடும்பத்துக்கும் இதே ஆணைக்குழுதான் வக்கீல் தருகிறது. அந்தப் பக்கமும் ஆள் வேண்டும்.

‘முடியாதுன்னு தோணுது’ என்பதுதான் நிலைமை என்றால், அதைச் சொல்லலாம். அதோடு நிறுத்தக் கூடாது. கட்டு மேஜைக்கு வந்த பிறகு என்ன செய்வாய்? போக்ஸோ கோர்ட்டில் வக்கீல் குழந்தையை நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி மூலமாகத்தான். குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்தவும் அனுமதி இல்லை. அதற்குள் நின்று எதைக் கேட்பாய், சட்டமே விட்டாலும் எதைக் கேட்க மாட்டாய்? இதை யோசித்துப் பேசினால் அது தயாரிப்பு.

‘இப்படிச் சொன்னா வேலை கிடைக்குமா அங்கிள்?’

தெரியாதும்மா என்றேன். மனப்பாடம் ஒப்பித்தவனுக்கே கிடைக்கலாம். அவன் பிரமாதமாக வேலை பார்க்கவும் கூடும். ஒப்பித்த வாசகத்தை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லியே நம்ப ஆரம்பித்துவிட்ட நல்ல வக்கீல்கள் சிலரை எனக்குத் தெரியும்.

இன்டர்வியூவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இரண்டு நாள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், ரிமாண்டுக்கு ஆட்களைக் கொண்டுவரும் நேரத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என்ன கேஸ் என்று முதலில் விசாரிக்காமல்.