பொய் முட்டை

கூண்டைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார் நண்பர். கவிதை எழுதுகிறவர். அவர் கவிதைகளில் பறவை வந்தால் பின்னாலேயே கூண்டும் வரும். கடைசி வரியில் அது திறந்துகொள்ளும். என் தோட்டத்துக் கம்பிவலைக் கூண்டின் முன் நின்று, உள்ளே பாடிக்கொண்டிருந்த ஆண் கானரியைப் பார்த்தபோது அவர் முகத்தில் துக்கம் படர்ந்தது. பொய்யான துக்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கானரியைப் பற்றிய துக்கமும் அல்ல.

பக்கத்து வேப்பமரத்துக் காக்கைகளைக் காட்டினேன். வலைக்கு வெளியே இரண்டங்குலம் விட்டு இன்னொரு வலை போட்டிருப்பது ஏன் என்று விளக்கினேன். ஐந்நூறு வருஷமாகக் கூண்டில் பிறந்து கூண்டிலேயே முடிகிற வம்சம் இது. கானரித் தீவுகளிலும் அசோர்ஸிலும் மதெய்ராவிலும் இன்றும் காட்டில் திரியும் இதன் மூல இனம் பச்சை ஓடிய மங்கல் மஞ்சள். கானரி மஞ்சள் என்று நாம் சொல்லும் மஞ்சள் மனிதன் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது. திறந்துவிட்டால் இந்த மஞ்சளே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நண்பர் பேசாமல் போய்விட்டார். போன பிறகு எனக்கே என் பதில் பிடிக்கவில்லை. வெளியே விட்டால் பிழைக்காது என்பது உண்மை. ஆனால், பிழைக்கத் தெரியாத ஜீவனாக அதை ஆக்கியவர்களின் வாயிலிருந்து வரும் உண்மை. எஜமானர்கள் எல்லோரும் எல்லாக் காலத்திலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

திறப்பதா வேண்டாமா என்பதை விட்டுவிடுகிறேன். அது சுலபமான கேள்வி. என்னைத் தொந்தரவு செய்வது முட்டை விஷயம்.

பகல் நீளத் தொடங்கியதும் பெட்டை கூடு கட்டும். நறுக்கிப் போட்ட சணல் இழையையும் பஞ்சையும் எடுத்துப்போய் மார்பால் அழுத்தி அழுத்திக் கிண்ணமாக்கும். பிறகு நாளுக்கு ஒன்றாக, விடியலில், நாலு முட்டை. சில சமயம் ஐந்து. வெளிர்நீலத்தில் பழுப்புப் பொட்டுகள். எல்லாம் இட்டு முடியும் வரை அது காத்திருப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது முட்டையிலேயே அடைக்கு உட்கார்ந்துவிடும். அதனால் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இரண்டு மூன்று நாள் வித்தியாசம் விழும். மனிதக் குழந்தைக்கு இரண்டு நாள் ஒன்றுமில்லை. கானரிக் குஞ்சுக்கு இரண்டு நாள் என்பது ஒரு தலைமுறை. மூத்தது கழுத்தை நீட்டி வாய் திறக்கும் உயரத்துக்கு இளையது எட்டாது.

ஆகவே கானரி வளர்ப்பவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். ஒவ்வொரு விடியலிலும் இட்ட முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக் முட்டை ஒன்றை வைப்பார்கள். உண்மை முட்டைகள் தினை பரப்பிய டப்பாவில், தினமும் புரட்டிவிடப்பட்டு, குளிர்ச்சியாக இருக்கும். நாலாம் நாள் காலை பொய்யை எடுத்துவிட்டு மெய்யை எல்லாம் சேர்த்து வைப்பார்கள். அப்புறம் பதின்மூன்று பதினான்கு நாளில் எல்லாம் ஒன்றாகப் பொரியும்.

மூன்று நாள் அந்தப் பெட்டை பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். கண்ணைப் பாதி மூடி, இறகை விரித்து, அக்கறையாக. தாய்மை பற்றி நம் பத்திரிகைகள் எழுதித் தள்ளுகிற எல்லாவற்றையும் அது அந்தப் பிளாஸ்டிக்குக்குச் செய்யும். முதல் வருஷம் இதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பொய்க்கு வள்ளுவர் ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறார், தெரியும். ஆனால் அங்கே பொய்யைக் கேட்பவன் மனிதன். பின்னால் தெரிந்துகொண்டு கோபிக்கவோ மன்னிக்கவோ முடிந்தவன். இங்கே ஏமாந்ததற்கு அப்படி ஒரு பின்னால் கிடையாது.

கூச்சத்தினால் இரண்டாம் வருஷம் ஒரு பெட்டையை அதன் போக்கில் விட்டேன். இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்று. ஐந்து முட்டை, ஐந்தும் பொரிந்தன. கடைசிக் குஞ்சு நாலு நாள் இருந்தது. மற்றவை அதன்மேல் ஏறி நின்று இரை வாங்கிக்கொண்டிருந்தன. நாலாம் நாள் தாய் அதை அலகால் தூக்கித் தரையில் போட்டது. எறும்பு வருவதற்குள் எடுத்தேன். புளியங்கொட்டை அளவு.

அது இயற்கையாகச் செத்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. நான் அடித்த கம்பிவலை, நான் சேர்த்த ஜோடி, நான் வைத்த கிண்ணம், நான் கரைத்த முட்டைத் தீனி. இத்தனைக்கும் நடுவில் ஒரு சாவை மட்டும் இயற்கை என்று ஒதுக்குவது எப்படி? தலையிடத் தெரிந்தவனுக்குத் தலையிடாமல் இருப்பதும் ஒரு தலையீடுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றது என் மனசின் சுத்தத்துக்காக. அதற்கான விலையைக் கொடுத்தது அந்தக் குஞ்சு. மறு வருஷம் முதல் மறுபடியும் பிளாஸ்டிக்.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் கூட்டுக்குள் போய்ப் பழகிய கை அங்கேயே நிற்பதில்லை. கொண்டை உள்ள கானரிகள் உண்டு; தலையில் சிறு பூவைக் கவிழ்த்த மாதிரி. அழகாக இருக்கிறதே என்று கொண்டையுள்ள இரண்டை ஜோடி சேர்த்தேன். கொண்டையின் கூறு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேருகிற கரு பிழைப்பதில்லை. கணக்குப்படி நாலில் ஒன்று. ஒரு பக்கம் கொண்டையில்லாததைத்தான் சேர்க்க வேண்டும் என்று பழகியவர்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் செய்ததை மன்னித்துக்கொள்ளலாம். தெரிந்த பிறகும் இத்தாலியர்கள் விருப்பத்தோடு உண்டாக்கிய ‘ஜிப்பர் இத்தாலிகஸ்’ கானரியைப் பார்த்தால், மார்பிலும் தொடையிலும் இறகில்லாமல் தோல் தெரிய, வளைந்து நிற்கிறது. அதுவும் ஒருவர் கண்ணுக்கு சௌந்தர்யமாகப் பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உறைத்தது சிவப்புக் கானரியின் கதை. 1920களில் ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஹான்ஸ் டுங்கர் என்ற பள்ளி ஆசிரியர், கார்ல் ரைஷ் என்ற பறவை வளர்ப்பாளரோடு சேர்ந்து, மஞ்சள் பறவையைச் சிவப்பாக்க முனைந்தார். வெனிசுவேலாவின் செந்நிற சிஸ்கின் குருவியைக் கானரியோடு இணைத்து, கலப்பினத்தை மறுபடி கானரியோடு இணைத்து, தலைமுறை தலைமுறையாகச் சிவப்பை உள்ளே ஏற்றிக்கொண்டே போனார். சிவப்பு வரவில்லை, ஆரஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. எல்லாம் பரம்பரைக் கூறுகளில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தது: பாதிச் சிவப்பு தீனியில் இருந்தது. இறகு உதிர்ந்து முளைக்கும் மாதங்களில் காரட் முதலியவற்றில் உள்ள நிறச்சத்து சேராவிட்டால் எந்தப் பரம்பரையும் சிவக்காது. இதே டுங்கர் மனிதர்களின் இனத் தூய்மை பற்றியும் பேசினார், எழுதினார். கூண்டில் பலிக்காத கணக்கை நாட்டுக்குச் சிபாரிசு செய்தார். அந்த சிஸ்கினோ, இந்தச் சிவப்புக்காக வலை போட்டுப் பிடிக்கப்பட்டு, தன் காட்டில் இன்று அருகிப்போன பறவை.

டுங்கரின் கையும் என் கையும் வேறு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் முட்டையை மாற்றுவது குஞ்சுக்காக. கொண்டையைச் சேர்த்தது என் கண்ணுக்காக. கோடு இங்கே தெளிவாக இருப்பதாகப் படுகிறது. ஆனால் அந்தக் குஞ்சு பிழைக்க வேண்டும் என்று நான் நினைத்தது அதற்காகத்தானா, என் வளர்ப்பில் ஒன்று குறையக் கூடாது என்பதற்காகவா? விடியலில் டப்பாவைத் திறக்கும்போது இதற்கு ஒரு பதிலும், சாயங்காலம் எண்ணிப் பார்க்கும்போது வேறொரு பதிலும் கிடைக்கின்றன.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1911 முதல் 1986 வரை விஷவாயுவை அறியக் கானரிகளை வைத்திருந்தார்கள். கொடுமை என்போம். ஆனால் மயங்கிய பறவையைத் தெளிவிக்க ஆக்ஸிஜன் குப்பி பொருத்திய கூண்டுகளும் அங்கே இருந்தன. சுரங்கத் தொழிலாளி பறவையோடு ஒரே காற்றைச் சுவாசித்தான். அது விழுந்தால் அடுத்தது அவன். என் கூண்டில் எனக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை என்பதை அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மாசியில் நண்பர் மறுபடி வந்திருந்தார். தற்செயலாக நாலாம் நாள் காலை. பிளாஸ்டிக் முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. டப்பாவில் இருந்த மூன்றையும் கூட்டில் நாலாவதோடு சேர்த்துவிட்டு விலகினேன். பெட்டை வந்து விளிம்பில் நின்றது. குனிந்து ஒவ்வொன்றையும் அலகால் புரட்டியது. உட்கார்ந்தது.

“அதற்குத் தெரியுமா?” என்றார் நண்பர், தாழ்ந்த குரலில்.

நான் பதில் சொல்லவில்லை. பொரிக்க எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பிளாஸ்டிக்கைக் கையில் மூடி வைத்துக்கொண்டே நின்றிருந்தார். திருப்பிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.