வாக்குறுதியும் மனச்சான்றும்

அரசியல் தலைவர் ஒருவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்வது நேர்மையா, நம்பிக்கைத் துரோகமா? சேர் றொபேட் பீலின் (1788–1850) வாழ்வு இவ்வினாவை இருமுறை எழுப்புகின்றது.

கத்தோலிக்கரின் அரசியல் உரிமையை நெடுங்காலம் எதிர்த்த பீல், அயர்லாந்திற் கலகம் மூளுமென அஞ்சி 1829இல் அதற்கு இணங்கினார். அவ்வேளை, தாம் வகித்த ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத் தொகுதியைத் துறந்து, அதே வாக்காளரிடம் மீண்டுஞ் சென்றார், தோற்றார்.

1841இல் தானியச் சட்டங்களைப் பேண விழைந்த நிலவுடைமையாளரின் ஆதரவோடு பிரதமரானார். சுதந்திர வர்த்தகத்தின்பால் ஏலவே சாய்ந்திருந்த அவர், 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்ததும் அச்சட்டங்களை நீக்கத் துணிந்தார். 1846இல் சொந்தக் கட்சியினருட் பெரும்பாலோர் எதிர்க்க, எதிர்க்கட்சியின் துணையால் நீக்கம் நிறைவேறிற்று. அடுத்த சில நாட்களிற் பதவியும் போயிற்று. இம்முறை அவர் வாக்காளரை நாடவில்லை.

பசித்தவன் தேர்தல் முடியும்வரை காத்திருக்க இயலாதென்பர். ஆயின், தானியத் தீர்வை உடனே ஒழியவில்லை. 1849வரை படிப்படியாகவே குறைக்கப்பட்டது. எனவே அவசரம் என்னும் நியாயம் முழுமையானதன்று.

பீல் செய்தது நன்மையே; பதவியிழந்து அதற்கு விலையுங் கொடுத்தார். எனினும், மனச்சான்று கருத்தை மாற்றும் உரிமையைத் தருகின்றதேயன்றி, நம்பி வாக்களித்தோரிடம் திரும்பிச் செல்லும் கடனினின்றும் எவரையும் விடுவிப்பதில்லை. 1846ஆம் ஆண்டின் பீலுக்கு எதிராகச் சான்று பகர்பவர் 1829ஆம் ஆண்டின் பீலே.