வேலையிழந்தோர் வயிறு

வேலை செய்யாதவனுக்குச் சோறு எதற்கு என்று வினவுவோர் நம்மவருள் படித்தவரிலும் உளர். உதவிப் பணம் கொடுத்தால் சோம்பல் வளரும் என்பது அவர்தம் வாதம். வேலை செய்யாதவன் வேறு, வேலை இழந்தவன் வேறு என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரில்லை. உலகச் சந்தையில் ரப்பர் விலை வீழ்ந்தால் அது பால்வெட்டுபவனின் குற்றமாகுமா? 1930-ஆம் ஆண்டை ஒட்டி அவ்விலை வீழ்ந்தபோது மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரந் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உழைத்த உடம்பிற்கு அன்று கிடைத்த மறுமொழி கப்பற் சீட்டு ஒன்றே.

தோட்டத்தில் வேலை போனால் கூலி மட்டும் போவதன்று. லயத்து வீடும் உடன் போகின்றது. செக்ரோல் எழுதும் நாம் கண்டது ஒன்றுண்டு. பெயர் விழாத மாதத்தில் கடைக்காரர் பற்றை நிறுத்துவார். முதலிற் பால்மாவு குறையும், பின்னர் மீன், அதன்பின் கிழவரின் மருந்து.

ஆஸ்திரியா தேசத்து மாரியந்தால் என்னும் ஆலைக் கிராமத்தில் நூற்பாலை மூடப்பட்டபின், மாரி யாஹோடா முதலிய ஆய்வாளர் சென்று கண்டவற்றை 1933-இல் நூலாக்கினர். உதவிப்பணம் வருமுன் நாளில் பள்ளிப் பிள்ளைகள் பலர் வெறும் ரொட்டியோடு வந்தனர், அன்றி ஒன்றுமின்றி வந்தனர். பணம் வந்த மறுநாளோ அவர்தம் உணவுப் பொட்டலம் நிறைந்திருந்தது! சோம்பலைப் பற்றிப் பேசுவோர் அந்தப் பொட்டலத்தையன்றோ முதலிற் பார்த்தல் வேண்டும்? பொழுது நிறைய இருந்தும் அவ்வூரார் நூல்நிலையத்தில் நூலெடுப்பது குறைந்தது; ஆடவர் நடையுந் தளர்ந்தது. ஆகவே, பணம் பசியை ஆற்றும். வேலை தரும் ஊக்கத்தை அது தராது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பசித்த உடம்பு வேலை தேடி எத்துணைத் தூரம் நடக்கும்?

மலேசியாவில் 2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைபெறுகின்றது. சம்பளத்தில் நூறு வெள்ளிக்கு இருபது காசு தொழிலாளியும் அதே அளவு முதலாளியுஞ் செலுத்துகின்றனர். எனவே இது பிச்சையன்று. வேலையிழந்தவர்க்கு முதல் மாதம் பழைய சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு வரை கிடைக்கும். பின் படிப்படியாய்க் குறைந்து ஆறாம் மாதம் 30 பங்காகும். அறுபது நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். தானாக விலகியவர்க்கு உதவி இல்லை. இவ்விடத்தேதான் நம் மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும்: ஆட்குறைப்புச் செய்யும் நிர்வாகம், வாசிக்கத் தெரியாதவரிடம் "இது கணக்குத் தீர்க்குந் தாள்" என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்திற் கைநாட்டு வாங்கிவிட்டால், அவர் செலுத்திவந்த காசு அவருக்கே உதவாமற் போகும்.