மறைபொருளும் மனச்சான்றும்

சொல்லுக்கு வெளிப்பொருள் ஒன்றும் உள்ளே உறையும் பொருள் ஒன்றும் உண்டு என்பதைத் தமிழ் இலக்கணம் பழங்காலத்திலேயே கண்டு, உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டுப் போற்றியது. காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனரோ தொனியே காவியத்தின் ஆன்மா என்று ஒன்பதாம் நூற்றாண்டில் நிலைநாட்டினார். ஆகவே மறைபொருள் தன்னளவில் குற்றமன்று. எனினும், கவிதைக்கு உயிராக விளங்கும் அதே ஆற்றல் ஒரு சமூகத்தின் உள்ளத்தில் துவேஷத்தை ஊட்டவும் வல்லதாகையால், எந்த மறைபொருள் தர்மத்துக்கு இசைந்தது, எது மாறானது, மாறானதன் பழி யாரைச் சாரும் என்னும் வினாக்களை நாம் ஆராயாமல் விடுவதற்கில்லை.

ருவாண்டா நாட்டின் அனுபவம் இவ்வினாக்களை மிகக் கொடிய வடிவில் உலகின்முன் நிறுத்தியது. 1993 ஜூலையில் தலைநகர் கிகாலியில் ஆர்.டி.எல்.எம். என்னும் தனியார் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அரசாங்க வானொலியின் விறைத்த குரலுக்குப் பழகிப்போன மக்களை, அதன் துள்ளும் இசையும் வேடிக்கைப் பேச்சும் எளிதில் கவர்ந்தன. அந்த இசைக்கு இடையிடையே வந்த செய்தியிலும் விமரிசனத்திலும் ‘இன்யென்சி’ என்ற சொல் ஓயாது ஒலித்தது. கரப்பான்பூச்சி என்று பொருள்படும் அச்சொல், 1960களில் எல்லை கடந்து வந்து தாக்கிய டுட்சி ஆயுதக் குழுவினரைக் குறித்து வழங்கியது. 1990 அக்டோபரில் ஆர்.பி.எஃப். என்னும் டுட்சி கிளர்ச்சிப் படை நாட்டுக்குள் நுழைந்தபின் மீண்டும் தலையெடுத்து, நாளடைவில் உழவரென்றும் ஆசிரியரென்றும் குழந்தையென்றும் வேறுபாடின்றி டுட்சி இனத்தார் அனைவரையும் சுட்டலாயிற்று. 1994 ஏப்ரல் 6ஆம் நாள் ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டுப் படுகொலை தொடங்கியபோது, ‘வேலை’ என்னும் எளிய சொல்லே கொலைக்குக் குறிப்பாயிற்று. ‘வேலைக்குப் போங்கள்’ என்ற அழைப்பில் சட்டத்துக்கு மாறான சொல் ஒன்றுமில்லை. கேட்டவருள் அதன் பொருளை அறியாதவரும் இல்லை. ஏறத்தாழ நூறு நாட்களில் மாண்டவர்கள், ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்பின்படி, 8 லட்சம் பேர்.

அந்த வானொலி விரும்பி ஒலிபரப்பிய பாடல்களுள் சீமோன் பிகிண்டி என்னும் புகழ்பெற்ற பாடகருடையவை முக்கியமானவை. முடியாட்சிக்கு விடைகொடுத்ததைக் கொண்டாடியும், பழைய பண்ணையடிமை முறையின் துயரத்தை நினைவூட்டியும், நாட்டின் பெரும்பான்மையினரான ஹுட்டு மக்களின் ஒற்றுமையை வலியுறுத்தியும் அவர் பாடினார். இவற்றுள் எதனைத் தனித்தெடுத்து நோக்கினும் தன் இனத்தின் துன்ப வரலாற்றைச் சொல்லும் உரிமைக்கு உட்பட்டதே எனல் கூடும். ஆனால் அடிமைத்தனம் மீண்டு வருகிறது என்ற அச்சத்தைச் செய்தி ஊட்ட, அவ்வச்சத்துக்குப் பாட்டு இனிமை கூட்ட, இரண்டும் சேர்ந்து விளைவித்தது தனித்தனியே எதுவும் விளைவிக்க இயலாத ஒன்றாகும். இப்படுகொலையை விசாரிக்கத் தான்சானியாவின் அருஷா நகரில் அமைந்த சர்வதேச நீதிமன்றம் 2008இல் அவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தண்டனை பாடல்களுக்காக அன்று, ஒலிபெருக்கி வாயிலாகக் கொலைக்குத் தூண்டிப் பேசிய பேச்சுக்காகவே. பாடல்கள் பகைமையை வளர்த்தன என்று கண்ட அதே மன்றம், தாக்குதலைத் தூண்டும் உட்கருத்தோடு அவர் அவற்றை இயற்றினார் என்பதற்குச் சான்று போதவில்லை என்றது. ஐயத்தின் பயனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளிப்பது நீதிமன்றத்தின் தர்மம். அதில் குறைகாண இடமில்லை. ஆனால் சட்டத்தின் கேள்வி முடிந்த இடத்தில் மனச்சான்றின் கேள்வி முடிந்துவிடுவதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நம் நாட்டில், வெள்ளையர் ஆட்சியில், நாடகமேடையில் நின்ற விசுவநாததாஸ், வள்ளி திருமண நாடகத்தில் வெள்ளைக் கொக்கை வைத்துப் பாடியபோது, அக்கொக்கு எதுவென்று சபையிலிருந்த அனைவரும் அறிந்தனர், காவலரும் அறிந்தனர், அவர் பன்முறை சிறை சென்றார். வெளியே புராணமும் உள்ளே அரசியலுமாக நின்ற அப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு, கிகாலி வானொலியின் குறிப்புமொழியைப் பழிப்பது நடுவுநிலைமையாகுமா?

மறைத்தவன் எளியவனா வலியவனா என்று பார்த்தால் போதும் என்று சிலர் விடையளிப்பர். அவ்வளவுகோல் பெரும்பாலும் உதவும். ஆயினும் முழுவதும் நம்பத்தக்கதன்று. ஏனெனில், ஆட்சியின் துணையோடு இயங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலியாரும் தம்மை ஒடுக்கப்பட்டோரின் குரலென்றே சொல்லிக்கொண்டனர். அவர்தம் இனத்தார் முன்னாளில் பட்ட துன்பம் பொய்யுமன்று. இன்னல் உற்றோம் என்ற நினைவு பிறரை இன்னலுக்குள்ளாக்கும் உரிமையாக மாறுவதை அந்த அளவுகோல் தடுக்காது.

இதனினும் உறுதியான சோதனை ஒன்றுண்டு. அச்சம் நீங்கிய நாளில், மறைத்த பொருளை அதனால் குறிக்கப்பட்டவர் முன்னிலையிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப் பாடியவன் முன்வருவானா? விடுதலை வந்தபின் கொக்கின் பொருளை நாடு பெருமையோடு விளக்கியது. அதனை ஆங்கிலேயன் ஒருவன்முன் சொல்வதற்கும் நாணம் வேண்டியதில்லை, ஏனெனில் அது கேட்டது ஆட்சியின் நீக்கத்தையேயன்றி ஓர் இனத்தின் அழிவையன்று. அருஷாவில் நிகழ்ந்ததோ நேர்மாறு. அங்கே குற்றக்கூண்டில் நின்றவர்களின் தரப்பு, இன்யென்சி என்றது படைவீரரை மட்டுமே என்று சொல்லின் வெளிப்பொருளுக்குள் புகுந்து ஒளிந்தது. வானொலியை நிறுவியவர்களுள் ஒருவரான ஃபெர்டினான்ட் நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர். சொல்லின் வரலாற்றையும் வலிமையையும் அறியாதவரல்லர். 2003இல் அவர் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீங்கி, தண்டனை குறைந்தபோதிலும், 1994 ஏப்ரல் 6க்குப் பிந்தைய ஒலிபரப்புகளுக்கான பொறுப்பு அவரை விட்டு நீங்கவில்லை.

பாட்டைவிடச் செய்தியின் பழி மிகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். பாட்டைக் கேட்பவன் கற்பனைக்குச் செவிகொடுக்கிறோம் என்று அறிந்தே கேட்கிறான். உட்பொருளைத் தேடுவது அவனுக்கு இன்பமும் ஆகும். செய்தியைக் கேட்பவனோ நடந்தது நடந்தவாறே சொல்லப்படும் என்ற விசுவாசத்தோடு மனக்கதவைத் திறந்து வைத்திருக்கிறான். ஆதலின் செய்தியாளன் ஒரு கூட்டத்தாரைத் தொடர்ந்து இழிபெயரால் சுட்டுவதும், கொன்றவனை எழுவாயாக வைக்காமல் ‘உயிரிழப்பு நேர்ந்தது’ என்று வாக்கியத்தை முடிப்பதும், கொள்கையைச் செய்தியின் வேடத்தில் உள்ளே செலுத்துவதாகும். அது நம்பிக்கைத் துரோகம். நாஜி ஜெர்மனியின் ஆவணங்களில் கொலைக்கு ‘விசேஷ நடவடிக்கை’ என்று பெயர் வழங்கியதும் இவ்வகையதே: பெயர் மென்மையாக, கை நடுங்காமல் வேலை நடந்தது.

கேட்பவனும் இதில் பழியற்றவனல்லன். மறைபொருள் கேட்பவனின்றி நிறைவு பெறாது. குறிப்பை உணர்ந்து சிரித்தவன் அக்குறிப்பில் பங்குகொண்டவனே. வானொலி ஏவியதைத் தெளிவாக உணர்ந்தும், அதற்கு இணங்காமல் அண்டை வீட்டாரை ஒளித்துக் காத்த ஹுட்டு மக்களும் அந்நாட்டில் இருந்தனர் என்பது, சொல்லின் வலிமை எவ்வளவு பெரிதாயினும் மனிதன் அதற்கு அடிமையல்லன் என்பதற்குச் சாட்சியாகும்.

எனவே, பாடுவோர் தம் பாட்டின் உட்பொருளுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்கட்டும். அது தீய கைகளுக்குக் கருவியானதைக் கண்டால் வாய்திறந்து மறுக்கட்டும். செய்தி தருவோர் எந்த மனிதரையும் மனிதரல்லாத பெயரால் சுட்டாதிருக்கட்டும். கேட்போராகிய நாம், ஒரு சொல் நம்மைச் சிரிக்க வைக்கும்போது, அது எவரைக் குறிக்கிறது என்று ஒரு கணம் நின்று வினவுவோமாக. அவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூசும் பொருளை இசையிலும் செய்தியிலும் பொதிந்து வழங்குவது பாவமே. அதனை மகிழ்ந்து ஏற்பதும் பாவமே.