கொடுத்ததை மறத்தல்

ஈவதனால் ஈபவனே செல்வனாகிறான் என்று நாம் மேடைதோறும் கூறுகிறோம். ஆயின் ஒரு வினா எழுகிறது. தன் நலம் கருதிக் கொடுப்பது கொடையா, வாணிபமா?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. நம்மிடம் அரபு ஓதிய ஏழை மாணவன் ஒருவனின் கல்லூரிக் கட்டணத்தை ஒருமுறை நாம் செலுத்தினோம். சில ஆண்டுகள் கழித்து, வேலூர்ச் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் நம்மைக் கண்டும் ஸலாம் கூறாது அவன் விலகிச் சென்றான். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. "நம் பணத்தில் படித்தவன்" என்று உள்ளம் புழுங்கிற்று. வைகறைத் தொழுகைக்கு எழுந்தபோதுதான் உண்மை உறைத்தது. அப்பணத்தை நாம் கொடுக்கவே இல்லை, கடனாகவே வைத்திருந்தோம். வட்டி ஹராம் என்று போதிக்கும் நாமே ஒரு ஸலாமை வட்டியாக எதிர்பார்த்தோம்!

'ஸகாத்' என்னும் அரபுச் சொல்லின் வேர் தூய்மையையும் வளர்ச்சியையும் ஒருங்கே உணர்த்தும். களை நீங்கிய வயலே கதிர் ஈனும்; தன்முனைப்பு நீங்கிய உள்ளமே கொடுத்து வளரும். சொல்லிக் காட்டினால் தர்மம் பாழாகும் எனத் திருமறை எச்சரிப்பதும் இதனாலன்றோ? வள்ளுவரும் ஒப்புரவறிதல், ஈகை ஆகியவற்றின் பின்னரே புகழ் என்னும் அதிகாரத்தை வைத்தார்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி, பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடுமாறு உமறுப் புலவரை வேண்டினார் என்பர். நூல் நிறைவுறுமுன் அவர் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரிக்க, சீறாப்புராணம் உருவாயிற்று. தம் கண்ணால் முழுதும் காணாத நூலுக்குக் கை கொடுத்த அவ்வள்ளலை, இறந்தும் ஈந்தவர் என்று தமிழ் மக்கள் இன்றும் பழமொழியில் வைத்துப் போற்றுகின்றனர். அப்புகழ் அவர் விலை பேசிப் பெற்றதன்று. தானே வந்து சேர்ந்தது.

அம்மாணவனை மறுமுறை கண்டபோது நாமே முந்தி ஸலாம் உரைத்தோம். அவன் கண் கலங்கிற்று. "பணத்தைத் திருப்பித் தர வழியில்லாமல், முகம் காட்டக் கூசினேன், ஹஜ்ரத்" என்றான்.

நாம் மறவாதிருந்த கொடை அவனுக்குச் சுமையாகவும் நமக்கு நோயாகவும் இருந்திருக்கிறது. அன்று இருவர் நெஞ்சமும் இலேசாயின. நாம் பெற்ற செல்வம் அதுவே.

கொடுப்போம், கொடுத்ததை மறப்போம். அம்மறதியை அருளுமாறு வல்ல இறைவனை வேண்டுவோம்.