பிறர் காணாத பிழையைச் சொல்ல வேண்டுமா?

சென்ற ஆண்டு கோடையில் ஒருநாள் விடியற்காலையில் அமெரிக்காவில் வாழும் என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். கல்லூரிப் படிப்பின் இறுதியை நெருங்கியிருந்த அவள் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "பாட்டி, கல்லூரியே அழித்துவிட்ட ஒன்றை நான் ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், காய்ச்சலுற்றிருந்த தோழி ஒருத்திக்குத் தன் வேதியியல் ஆய்வறிக்கையைக் கொடுத்திருக்கிறாள். தோழி அதை அப்படியே பார்த்தெழுதிக் கொடுத்துவிட்டாள். பேராசிரியர் கண்டுபிடித்தார். இருவருக்கும் எழுத்து வடிவில் எச்சரிக்கை அளிக்கப்பட்டது. பின்னர் வேறு குறையேதும் நேராமையால் கல்லூரி தன் விதிப்படி அப்பதிவை நீக்கிவிட்டது. மதிப்பெண் சான்றிதழில் அதன் சுவடே இல்லை. ஆயினும் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் அதைக் கேட்கிறது.

என் மகன், "எழுத வேண்டாம். எவருக்கும் தெரியப்போவதில்லை" என்று சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்பவன் அல்லன். மகளின் எதிர்காலம் குறித்து ஒரு தந்தைக்கு எழும் அச்சமே அவ்வாறு பேசிற்று. நான் உடனே விடை கூறவில்லை. "ஒருநாள் அவகாசம் கொடு, அம்மா" என்றேன். அந்த ஒருநாளிலும் அதன் பின்னரும் எண்ணியவற்றையே இங்கு எழுதத் துணிகிறேன்.

முதலில், அந்நாட்டில் மருத்துவம் பயில விரும்புவோரின் பின்னணி எவ்வாறு ஆராயப்படுகிறது என்பதைக் காண்போம். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுள் பெரும்பாலானவை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பத்தின் வாயிலாகவே மாணவரைச் சேர்க்கின்றன. ஆராய்ச்சி இருவகைப்படும். ஒன்று, மாணவர் தம்மைப் பற்றித் தாமே கூறுவது. மற்றொன்று, பிறர் தேடிக் கண்டறிவது.

தாமே கூறவேண்டிய பகுதியில், பெருங்குற்றத்திற்காகவோ சிறுகுற்றத்திற்காகவோ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா என்று வினவுகிறார்கள். முன்பு பயின்ற கல்லூரி எதுவாயினும், படிப்பிலோ நடத்தையிலோ குறை கண்டு நடவடிக்கை எடுத்ததுண்டா என்றும் வினவுகிறார்கள். இங்கே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கைது செய்யப்பட்டும் வழக்குத் தொடரப்படாதவரும், வழக்கில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவரும் அதைத் தெரிவிக்க வேண்டுவதில்லை. ஆனால் கல்லூரி எடுத்த நடவடிக்கையோ, படிப்பிற்கு இடையூறு விளைவிக்காததாயினும், பதிவேட்டிலிருந்து பின்னர் நீக்கப்பட்டதாயினும், தெரிவிக்கப்பட வேண்டும். விளக்கம் எழுதுவதற்கு 1,325 எழுத்துகள் அளவே இடம் தருகிறார்கள். விண்ணப்பித்த பிறகு புதிதாக ஏதேனும் நேர்ந்தால் 10 வேலை நாட்களுக்குள் கல்லூரிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவது ஆராய்ச்சி, கல்லூரியில் இடம் தருவதாகக் கூறியபின் நடைபெறுவது. மாணவரின் இசைவைப் பெற்று, அதற்கென அமர்த்தப்பட்ட தனியார் நிறுவனம் ஒன்று அவர் வாழ்ந்த ஊர்களின் நீதிமன்றப் பதிவுகளையும், பாலியல் குற்றவாளிகளின் பட்டியலையும், இவை போன்ற பிறவற்றையும் தேடுகிறது. கிடைத்த அறிக்கையை மாணவரே முதலில் காண்கிறார். அதிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்ட அவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. அதன் பின்னரே அது கல்லூரிக்குச் செல்லும். தம்மைப் பற்றிய இத்தகைய அறிக்கையைப் பார்க்கவும் மறுக்கவும் அந்நாட்டில் 1970-ஆம் ஆண்டிலேயே சட்டம் உரிமை வழங்கியிருக்கிறது. பெயர் ஒற்றுமையால் ஒருவர் குற்றம் மற்றவர் தலையில் ஏறுவதும் உண்டாதலின், இவ்வுரிமை மிக இன்றியமையாதது.

'படிக்க வரும் பிள்ளையை இத்தனை ஐயத்துடன் நோக்க வேண்டுமா?' என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். அதற்கு விடையாக ஒரு கொடிய வரலாறு உள்ளது.

மைக்கேல் ஸ்வாங்கோ என்னும் மருத்துவர், தம்முடன் பணிபுரிந்தவர்களுக்கு உணவிலும் பானத்திலும் பாஷாணம் கலந்து கொடுத்த குற்றத்திற்காக 1985-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் தண்டிக்கப்பட்டார். 1987-இல் விடுதலையானார். சில ஆண்டுகள் கழித்து, தாம் தண்டிக்கப்பட்டது ஒரு சாதாரணக் கைகலப்பிற்காகவே என்று காட்டும் போலி ஆவணங்களைச் சமைத்துக்கொண்டு, 1992-இல் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். உண்மை வெளிப்பட்டு அங்கிருந்து நீக்கப்பட்டபின், 1993-இல் நியூயார்க் மாநிலத்தில் மீண்டும் இடம்பெற்றார். அங்கே நோயாளிகள் மூவரைக் கொன்றதாக 2000-ஆம் ஆண்டில் அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை அடைந்தார். தண்டனை வழங்கிய நீதிமன்றத்தின் பதிவை எவரேனும் ஒருமுறை கேட்டிருந்தால் அவருடைய கதை கலைந்திருக்கும். கேட்கவேண்டியவர்கள் அவர் சொல்லையே நம்பினர். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் படுக்கையில் கிடந்த நோயாளிகள்.

மருத்துவர் முன் நாம் எவ்வளவு வலிமையற்றவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மயக்கமருந்து ஏற்றப்பட்ட உடலையும், பிறரிடம் கூறாத மறைபொருளையும் அவர்பால் ஒப்படைக்கிறோம். அத்தகைய தொழிலுக்கு வருவோரை ஆராய்வது குற்றமன்று. ஆராயாதிருப்பதே குற்றம்.

எனினும் இவ்வாராய்ச்சியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஸ்வாங்கோ மருத்துவம் பயிலப் புகுந்தபோது அவர்மீது எத்தண்டனையும் இருக்கவில்லை. அன்றே நீதிமன்றப் பதிவுகளைத் தேடியிருந்தாலும் அவை வெறுமையாகவே இருந்திருக்கும். பதிவேடு என்பது பிறர் கண்டு, பிடித்து, எழுதிவைத்தவற்றின் தொகுதி. அதில் இல்லாமையே தூய்மைக்குச் சான்றாகிவிடாது. அதில் இருப்பதும் முழு மனிதனுக்குச் சான்றாகிவிடாது.

இவ்விடத்தில் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று நமக்குத் துணைசெய்கிறது. மேக்சின் பாபடாகிஸ் என்னும் அம்மையாரும் அவருடன் சேர்ந்தோரும், மூன்று மருத்துவக் கல்லூரிகளில் பயின்று, பின்னாளில் மாநில மருத்துவக் குழுக்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களை, அவ்வாறு உள்ளாகாத 469 மருத்துவர்களோடு ஒப்பிட்டனர். மாணவப் பருவத்தில் தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை குறிக்கப்பட்டிருந்ததற்கும் பின்னாளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதற்கும் தெளிவான தொடர்பு இருக்கக் கண்டனர். மிக வலுவான தொடர்புடையனவாகக் காணப்பட்டவை எவை தெரியுமா? கடுமையான பொறுப்பின்மை ஒன்று. தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் மிகக் குன்றியிருத்தல் மற்றொன்று. அதாவது, தவறு செய்தான் என்பதினும், தவறு சுட்டப்பட்டபோது அதை ஏற்க இயலாதவனாய் இருந்தான் என்பதே பெரிய எச்சரிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட குறையற்ற மருத்துவர்களுள்ளும் மாணவப் பருவத்தில் அத்தகைய குறிப்புப் பெற்றவர்கள் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இதைப் படித்தபோது என் சொந்தப் பிழை ஒன்று நினைவில் எழுந்தது. நான் தலைமையாசிரியையாய் இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆய்வுக்கூடத் தராசின் எடைக்கற்களை வீட்டிற்கு எடுத்துச் சென்றுவிட்டான். கேட்டபோது இல்லையென்றான். பின்னர் அவை அவன் பையிலிருந்தே கிடைத்தன. மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்னும் கட்டத்தில் 'திருப்திகரமாக இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். ஒரு திங்கள் கழித்து அவன் தந்தை வந்தார். கூலிவேலை செய்பவர். எந்தப் பள்ளியிலும் சேர்க்க மறுக்கிறார்கள் என்று கைகூப்பினார். எழுதியதை மாற்ற இயலாது என்று கூறிவிட்டேன். பல்லாண்டுகளுக்குப் பின் அவ்வூர்க் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையைக் கடக்கையில், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவன் சட்டென எழுந்து நின்று, "வணக்கம், டீச்சர்" என்றான். அவனேதான். அவ்வணக்கத்தை ஏற்கும் தகுதி எனக்கில்லை என்றே அன்று உணர்ந்தேன்.

அந்தத் தந்தை திரும்பிச் சென்ற நாள் முதல் ஓய்வுபெறும்வரை, எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழிலும் 'நன்று' என்றே எழுதினேன். சிறுவரை ஓயாது துன்புறுத்திய ஒருவனுக்கும் அவ்வாறே எழுதினேன். அவன் சென்ற பள்ளியில் மற்றொரு பிள்ளை அவனால் துன்புற்றிருந்தால் அதில் எனக்கும் பங்குண்டு. முன்பு ஓர் உண்மையையே முழு உண்மையாக எழுதினேன். பின்பு எந்த உண்மையையும் எழுதாது விட்டேன். இரண்டும் பிழையே. எடைக்கல்லை எடுத்த சிறுவனிடம், 'நடந்ததை நீயே எழுது, திருந்துவதற்கு என்ன செய்வாய் என்பதையும் எழுது' என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பேத்தியிடம் பேசியபோது இதையே முதலில் சொன்னேன். "உன்னைப் பற்றிப் பிறர் ஒரே சொல்லில் எழுதிவிடாமல், நீயே எழுத இடம் தருகிறார்கள். அது தண்டனையன்று, வாய்ப்பு" என்றேன்.

நம் சமயத்தில் குற்றத்தை ஆசாரியர்முன் எடுத்துரைக்கும் ஆலோசனை என்னும் மரபு உண்டென்பதை வாசகர்கள் அறிவர். அதில் நேரக்கூடிய பத்துக் குறைகளை நம் முன்னோர் எண்ணி வைத்துள்ளனர். பிறர் கண்டுவிட்ட குற்றத்தை மட்டும் கூறிக் காணாததை மறைத்தல் அவற்றுள் ஒன்று. பெரியதைக் கூறிச் சிறியதை விடுதலும், சிறியதைக் கூறிப் பெரியதை ஒளித்தலும் அவ்வகையினவே. பின்னணி ஆராய்ச்சி எவ்வளவு நுட்பமானதாயினும் பிறர் கண்டதையே காணவல்லது. அது கண்டுபிடிக்குமா, கண்டுபிடிக்காதா என்று கணக்கிட்டு ஒருவர் உண்மை கூறுவாராயின், அவர் உண்மையைப் போற்றவில்லை, ஆராய்ச்சிக்கு அஞ்சுகிறார். நாளை நோயாளிக்குத் தவறான அளவில் மருந்து கொடுத்துவிட்டு, அருகில் எவரும் இல்லை என்று காணும்போது அவர் என்ன செய்வார்?

அதே மரபு மற்றொன்றையும் வற்புறுத்துகிறது. ஆலோசனையைக் கேட்கும் ஆசாரியர், கேட்டதைக் கசியவிடாதவராய் இருத்தல் வேண்டும். சொல்பவருக்கு உண்மை கடமையானால், கேட்பவருக்கு அடக்கமும் பரிவும் கடமை. வாய்திறந்து சொன்னவனையும் மறைத்துப் பிடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தினால், அடுத்து வருபவன் மறைக்கவே கற்றுக்கொள்வான். தேர்வுக் குழுவில் அமர்வோரும், நம் ஊர்ப் பள்ளிகளில் சான்றிதழ் எழுதுவோரும் இதை நெஞ்சில் கொள்ளல் வேண்டும்.

பேத்தி எழுதினாள். முதலில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் தோழியின் காய்ச்சலைப் பற்றியே இருந்தது. அதன்பின், அறிக்கை பகிர்ந்துகொள்ளப்பட்டது என்று செயப்பாட்டுவினையில் ஒரு வாக்கியம். ஆசிரியையாகவே இருந்து பழகிய நான், "கொடுத்தது யார்? வாக்கியத்தில் அவரைக் காணோமே!" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சிறிது அழுதாள். இரண்டாம் முறை, 'நான் கொடுத்தேன். அது தவறென்பது கொடுக்கும்போதே எனக்குத் தெரியும்' என்று தொடங்கியிருந்தாள். அதன் பிறகு வேறெவருக்கும் பாடத்தில் எவ்வாறு உதவினாள் என்பதையும் எழுதியிருந்தாள். அளவிற்கு உட்பட்டே அமைந்தது.

ஒரு கல்லூரி நேர்முகத் தேர்விற்கு அழைத்து, அதைப் பற்றியே முதலில் கேட்டதாம். மற்றொரு கல்லூரி அழைக்கவேயில்லை. அதற்கு இதுதான் காரணமா என்பது எங்களுக்குத் தெரியாது. என் மகனுக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு. "அம்மா, எழுதாமலிருந்தால் இரண்டு இடத்திலும் அழைத்திருப்பார்கள்" என்கிறான். இருக்கலாம். உண்மைக்கு எப்போதும் உடனே பயன் கிடைக்கும் என்று நான் அவனுக்கு வாக்களிக்கவில்லை. உலகம் அவ்வாறு அமைந்திருந்தால் சத்தியம் ஒரு விரதமாகவே இருந்திராது, வாணிகமாகியிருக்கும்.

நம் குடும்பங்களில் இன்று மருத்துவம் பயில விழையும் பிள்ளைகள் பலர். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எண்ணற்ற படிவங்களை அவர்கள் நிரப்பவேண்டியிருக்கும். பெற்றோர்க்கு நான் கூறுவது ஒன்றே. பிள்ளை முதன்முறையாக ஒரு கண்டிப்புக் கடிதத்துடன் வீட்டிற்கு வரும் நாளில், அதை எவ்வாறு மறைப்பது என்று பேசத் தொடங்காதீர்கள். என்ன நடந்தது என்று கேட்டு, முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். படிவத்தில் எழுதும் துணிவு அன்று வீட்டில் சொல்லிப் பழகுவதிலிருந்தே வருகிறது.